சரக்கின் குணம் அறிந்து இடம் கொடு
பழைய அடுக்களைக்குப் பூப்போட்ட டைல்ஸ்: வணிகர் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



கடையில் புளிச் சிப்பத்தை எங்கே இறக்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஊதுபத்தி வைக்க மாட்டோம். உப்பு மூட்டையைப் பலகை போடாமல் தரையில் அடுக்க மாட்டோம். சர்க்கரை இருக்கும் மூலைக்கு மண்ணெண்ணெயைக் கொண்டு போக மாட்டோம். எந்தச் சரக்கு எதை இழுக்கும், எது எதைக் கெடுக்கும் என்பது நம் கைக்குப் பழகிய பாடம். ஆனால் அதே நாம் வீட்டில் அடுக்களையைப் புதுப்பிக்கக் கிளம்பினால், கண்ணுக்கு அழகாயிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் டைல்ஸ் வாங்கிவிடுகிறோம். அதன் குணம் என்ன, எந்த இடத்தில் போடலாம், எத்தனை கல் வேண்டும் என்று கேட்பதில்லை.

மத்தியதரைக் கடல் நாடுகளின் பாணி என்று நீலம், மஞ்சள், பச்சை நிறங்களில் பூப்போட்ட டைல்ஸ் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. பழைய வீட்டு அடுக்களைக்கு அது பொருந்துமா என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். பொருந்தும்; இடமறிந்து போட்டால் மிக நன்றாகவே பொருந்தும். போடத் தெரியாமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நாம் நேரில் பார்த்த ஒரு வீட்டின் கதையை முதலில் சொல்கிறோம்.

வளைகாப்பு நாளில் நடந்தது

நமக்கு நெருங்கிய மளிகை வியாபாரி ஒருவர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், சிவப்புச் சிமெண்ட் தரை, கடப்பாக் கல் அலமாரி உள்ள அடுக்களை. மகளின் வளைகாப்புக்கு முன் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். வெளியூரில் ஒரு வியாபாரியிடம் நீலப் பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ் பார்த்தார்; பிடித்துவிட்டது. மேடையின் மேல்பரப்பு, மேடைக்குப் பின்சுவர், அடுப்பின் பக்கச்சுவர் எல்லாவற்றுக்கும் அதையே வாங்கிவிட்டார்.

வேலை பாதியில் இருக்கும்போது பதினோரு கல் குறைந்தது. மறுபடி வாங்கியபோது கொஞ்சம் கூடுதலாகவே வாங்கினார். ஆனால் வந்த நீலம் முதல் நீலமாக இல்லை. நாள் நெருங்கிவிட்டதால் அவற்றில் பதினொன்றை அப்படியே பதித்தார்கள். கல்லின் துளையை அடைக்கும் சீலர் பூச்சு பூசவும் நேரமில்லை.

வளைகாப்பன்று கலவை சாதங்கள் தயாராயின. புளிசாதப் பாத்திரம், எலுமிச்சை பிழிந்த கிண்ணம், தயிர் சாதம் எல்லாம் அந்த மேடைமேல்தான். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்ததும் அங்கேதான். மறுநாள் பார்த்தால் எலுமிச்சைச் சாறு நின்ற இடமெல்லாம் வெளிறிச் சொரசொரப்பாகிவிட்டது. மஞ்சள் சிந்திய இடம் மஞ்சளாகக்கூட இல்லை, செம்மையாக நின்றது. அதைப் போக்க உதவிக்கு வந்த ஒருவர் குளியலறை கழுவும் ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தார். நுரைத்துக்கொண்டு பூவின் நிறமே போய்விட்டது.

நாம் போய்ப் பார்த்தபோது வீட்டுக்கார அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கடையில புளியை எங்க வைக்கணும்னு உங்களுக்கெல்லாம் தெரியுது. வீட்டுல அது தெரியாமப் போச்சே. நின்னு சமைக்கிறவ நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

இந்தப் பாடத்தின் மையம் அந்தச் சொல்லில் இருக்கிறது. இனி விவரத்துக்கு வருவோம்.

இந்தச் சரக்கு வந்த வழி

களிமண் பலகையைச் சுட்டு, அதன்மேல் வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சு பூசி, வெண்மையான பரப்பில் நிறம் தீட்டி மறுபடி சுடுவது மத்தியதரைக் கடல் நாடுகளின் பழைய தொழில். அரபு நாடுகளிலிருந்து ஸ்பெயினுக்கும், அங்கிருந்து இத்தாலிக்கும் இந்த வித்தை போனது. இத்தாலியில் இதற்கு மயோலிகா என்று பெயர். மயோர்க்கா தீவின் வழியாகச் சரக்கு வந்ததால் ஏற்பட்ட பெயர் என்பார்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இந்தச் சுவர்க் கல்லுக்கு அசுலேஹோ, அசுலேஷோ என்று பெயர். மெருகிட்ட சிறு கல் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. லிஸ்பன் நகரில் 1509-இல் நிறுவப்பட்ட ஒரு கன்னிமாடத்தின் கட்டடத்தில் இந்தக் கற்களுக்கென்றே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது.

மளிகைக்காரர்கள் பார்க்க வேண்டிய ஒன்று ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டில் உள்ளது. அங்குள்ள தேசிய அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில், வலென்சியா நகரத்து மாளிகை ஒன்றிலிருந்து கொண்டுவந்த 18-ஆம் நூற்றாண்டுச் சமையலறை ஒன்றை அப்படியே அமைத்திருக்கிறார்கள். சுவர் முழுக்க 1,500-க்கும் மேற்பட்ட கற்கள். அவற்றில் வீட்டுத் தலைவி, தட்டு ஏந்தி வரும் பணியாளர்கள், தொங்கும் இறைச்சி, மீன், அந்த மீனுக்கு அலையும் பூனை என்று ஒரு வீட்டின் சரக்குப் பட்டியலே தீட்டப்பட்டிருக்கிறது. அந்த வீட்டில் விருந்துக்கு என்ன வாங்கினார்கள் என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கவனிக்க வேண்டியது, அந்தக் கற்கள் சுவரில் இருக்கின்றன என்பது. எண்ணெய் தெறிக்கும் இடத்தில் சுண்ணாம்புச் சுவர் நிற்காது, கை பட்டால் கறுக்கும், கழுவ முடியாது. கண்ணாடிப் பூச்சுள்ள கல்லை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அழகோடு இந்தத் தேவையும் சேர்ந்துதான் அந்தக் கல்லைச் சமையலறைக்குள் கொண்டுவந்தது.

இத்தாலியின் சிசிலித் தீவில் கால்டாஜிரோன் என்ற குயவர் நகரம் உண்டு. அங்கே 142 படிகள் உள்ள ஒரு பெரிய படிக்கட்டு, 1606-இல் கட்டியது. 1954-இல் ஒவ்வொரு படியின் முகப்பிலும் பூப்போட்ட கல் பதித்தார்கள். ஆனால் கால் வைக்கும் மேல்தளம் எரிமலைக் கல்தான். கண் படும் இடத்துக்குப் பூ, கால் படும் இடத்துக்குக் கருங்கல். நம் அடுக்களைக்கும் இந்த ஒரு கணக்கு போதும்.

சிமெண்ட் பூக்கல் வேறு சாதி

மேலே சொன்னது சுட்ட கல். சுடாத கல் ஒன்று உண்டு. அதுதான் நம் நண்பர் வாங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் சிமெண்ட் பெருகிய பிறகு, பிரான்ஸின் தென்பகுதியிலும் ஸ்பெயினின் கத்தலோனியாவிலும் நிறம் கலந்த சிமெண்டை அச்சில் ஊற்றி அழுத்திப் பூக்கல் செய்யத் தொடங்கினார்கள். பார்சலோனாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கௌடி, 1904-இல் அறுகோணக் கல் ஒன்றை வடிவமைத்தார். ஒரு வீட்டுக்காக வரைந்தது, கடைசியில் வேறொரு வீட்டில் பதிக்கப்பட்டது. தனிக் கல்லில் கோலம் முழுமை பெறாது. ஏழு கல் சேர்ந்தால்தான் நிறையும். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். எண்ணிக்கைப் பாடத்தில் உதவும்.

இந்தச் சிமெண்ட் கல்லின் உறவுக்காரர் நம்மிடமே இருக்கிறார். செட்டிநாட்டில் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடிக் கற்கள்தான் அவை. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார், தம் வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஐரோப்பிய, ஜப்பானிய டைல்ஸ் என்று தருவித்தார்கள். அந்த வழியில் சிமெண்ட் பூக்கல்லும் வேரூன்றி, உள்ளூர்க் கைத்தொழிலாக நிலைத்தது.

செய்முறை எளிது, ஆனால் கை பழக வேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டம் வைத்து, பூவின் வடிவில் தடுப்புள்ள அச்சை இறக்குகிறார்கள். ஒவ்வொரு அறையிலும் நிறச் சிமெண்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த மணல் சிமெண்ட் தூவி, அதன்மேல் கலவை நிரப்பிச் சமன் செய்கிறார்கள். காய்ந்தபின் கண்ணாடி தானே கழன்றுவிடும். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து உலர்த்துவார்கள். சூளை என்பதே கிடையாது. கண்ணாடியில் படிந்து இறுகியதால் வருவதுதான் அந்தப் பளபளப்பு.

இதனால் இரண்டு குணங்கள் வருகின்றன. நிறம் மேற்பூச்சாக இல்லாமல் ஒரு கனமுள்ள படலமாக இருப்பதால், ஆண்டுக்கணக்கில் நடந்தாலும் பூ அழியாது. இது நல்ல குணம். மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாததால் தேயிலையைப் போலப் பக்கத்தில் இருப்பதை எல்லாம் இழுத்துக்கொள்ளும். இது நாம் காக்க வேண்டிய குணம்.

புளியும் மஞ்சளும் செய்யும் வேலை

சிமெண்டில் சுண்ணாம்புச் சத்து உண்டு. புளியிலும், எலுமிச்சையிலும், மோரிலும், வினிகரிலும் புளிப்பு அமிலம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். மேல்தோல் வெளிறும், மெருகு போகும். அது கறை அல்ல, அரிப்பு. துடைத்தால் போகாது. குளியலறை ஆசிட் இதே வேலையைப் பல மடங்கு வேகமாகச் செய்யும். சிமெண்ட் கல்லின்மேல் அதை ஒருநாளும் ஊற்றக் கூடாது.

மஞ்சள் ஏன் செம்மையாயிற்று? ஆரத்தி கரைத்த கைகளுக்கு விடை தெரியும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். புதிய சிமெண்ட் கல்லும் சுண்ணாம்பைப் போலக் காரக் குணம் உடையது. ஆகவே புதுக் கல்லின்மேல் விழுந்த மஞ்சள் ஆரத்தித் தட்டில் நடப்பதையே கல்லில் செய்துகாட்டியது. எண்ணெயோ உள்ளே இறங்கி நிழல்போல நின்றுவிடும்.

கண்ணாடிப் பூச்சுள்ள சுட்ட கல்லுக்குச் சமையல் புளிப்பால் பொதுவாகக் கேடில்லை. ஆனால் கல்லுக்குக் கல் இடையே அடைக்கும் சாந்து சிமெண்டாக இருந்தால், அந்தக் கோடு மட்டும் மஞ்சள் குடித்து மங்கும். அடுப்புக்கு எதிரேயுள்ள பகுதியிலாவது எபாக்சி சாந்து போடச் சொல்லுங்கள். விலை கூடுதல், போடவும் கை வேகம் வேண்டும். ஆனால் எண்ணெயும் மஞ்சளும் அதில் எளிதில் இறங்காது.

எந்தக் கல்லுக்கு எந்த இடம்

கடையில் மூன்று வகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, சுவருக்கான செராமிக். உடல் மென்மையானது, தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும், மேலே கண்ணாடிப் பூச்சு. மேடைக்குப் பின்சுவருக்கு இதுவே தகுந்தது. தரையில் போட்டால் பாத்திரம் விழுந்து உடையும், பூச்சு தேயும். பூவைக் கணினி மூலம் மை தெளித்து அச்சிடும் முறை 2000-ஆம் ஆண்டையொட்டி ஸ்பெயினில் வந்தது. இன்று நம் குஜராத் மோர்பியிலும் அப்படியே அச்சிடுகிறார்கள். அதனால்தான் மத்தியதரைப் பாணிப் பூ நம் ஊர்க் கடைவரை வந்திருக்கிறது.

இரண்டாவது, விட்ரிஃபைட். அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. தரைக்கு ஏற்றது. அடுக்களைத் தரைக்கு வழுக்காத, மங்கலான மேற்பரப்பு உள்ளதாக எடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்காத கல் ஆகையால் வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டாது; டைல்ஸ் பசை போட்டே பதிக்க வேண்டும்.

மூன்றாவது, சிமெண்ட் பூக்கல். கூடம், சாப்பாட்டு அறை, பூஜை அறை வாசல் ஆகிய இடங்களின் தரைக்கு அழகும் ஆயுளும் தரும். பதித்தபின் உமி போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது செட்டிநாட்டு வழக்கம். அடுக்களைக்குள் வேண்டுமென்றால் அடுப்புக்கும் தொட்டிக்கும் எட்ட உள்ள சுவரில், சீலர் பூசி, அவ்வப்போது மறுபடி பூசி வைத்துக்கொள்ளலாம். மேடையின் மேல்பரப்புக்கு வேண்டவே வேண்டாம். மேடைக்குக் கருங்கல்தான்.

பழைய அடுக்களையில் எதை விடுவது, எதை வைப்பது

புதுப்பிப்பது என்றால் எல்லாவற்றையும் இடிப்பது என்று பொருளல்ல. சிவப்புச் சிமெண்ட் தரை வெடிப்பில்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். கடப்பாக் கல் அலமாரி இருக்கட்டும். மத்தியதரைக் கடல் ஊர்களின் பழைய சமையலறைகளிலும் சுட்ட மண் தரையின் சிவப்பும், சுண்ணாம்புச் சுவரின் வெள்ளையும், ஒரு பட்டைப் பூக்கல்லும் சேர்ந்துதான் அழகு. நம் வீட்டில் சிவப்பும் வெள்ளையும் ஏற்கெனவே இருக்கின்றன. சேர்க்க வேண்டியது அந்தப் பட்டை மட்டுமே. தரை, சுவர், மேடை மூன்றிலும் பூப்போட்டால் கண்ணுக்கு ஓய்வில்லை; பையிலும் மிச்சமில்லை.

சுவரை மட்டும் கட்டாயம் சோதிக்க வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரையின்மேலும், வெள்ளையடித்த படலங்களின்மேலும் டைல்ஸ் நிற்காது. தளர்ந்த காரையைச் செங்கல்வரை கொத்தி எடுத்து, சிமெண்ட் பூச்சு பூசி, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் ஊற்றி, நன்றாக உலரவிட்டபின் பதிக்க வேண்டும். சுவரில் ஓதம் ஏறியிருந்தால் அதற்கு முதலில் வழி பாருங்கள். ஓதத்தை டைல்ஸ் போட்டு மறைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே ஏறிச் சுவரை உரிக்கும்.

எண்ணிக்கைப் பாடம்

கணக்கு நமக்குப் புதிதல்ல. ஓர் அடுக்களை 10 அடி நீளம், 8 அடி அகலம். மேடை 'ட' வடிவில் இரு சுவரோடும் ஓடுகிறது. மேடைக்கும் கடப்பா அலமாரிக்கும் இடையே 2 அடி உயரம். கல் 8 அங்குலச் சதுரம்.

பரப்பளவு: 18 அடி × 2 அடி = 36 சதுர அடி. சதுர அடிக்கு 2¼ கல் வீதம் 81 கல். பலரும் இத்தோடு நிறுத்திவிட்டு 81 பூக்கல் வாங்குவார்கள். அங்கேதான் தவறு.

பெரும்பாலான மத்தியதரைப் பாணிக் கற்களில் நான்கு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ. அதாவது ஒரு பூவுக்கு 16 அங்குலம். 2 அடி உயரத்துக்கு மூன்று வரிசை வரும். மூன்று வரிசையில் ஒன்றரைப் பூதான் நிற்கும். மேல்வரிசையில் பாதிப் பூ அறுந்து தொங்கும். நீளத்திலும் அப்படியே: 10 அடிச் சுவரில் 15 கல், அதாவது ஏழரைப் பூ. 8 அடிச் சுவரில் 12 கல், சரியாக ஆறு பூ.

ஆகவே இப்படிச் செய்யலாம். மேடையை ஒட்டிய கீழ்வரிசை முழுவதும் அதே நிறத்தில் பூவில்லாத கல். தண்ணீரும் பாத்திரமும் படும் வரிசை அதுதான். மேலிரண்டு வரிசையில் பூ. பெரிய சுவரில் ஏழு பூ. மிஞ்சும் ஒரு நிரலை உள்மூலையில் பூவில்லாத கல்லால் நிரப்புங்கள். சின்னச் சுவரில் ஆறு பூ. மொத்தம் 13 பூ, 52 கல். மீதி 29 வெறுங்கல். உடைசலுக்கும் குழாய், சுவிட்சுப் பெட்டி ஓட்டைகளுக்கும் பத்தில் ஒரு பங்கு சேருங்கள். பின்னாளில் ஒன்று உடைந்தால் மாற்றக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பூக்கல் 64, வெறுங்கல் 35 வாங்கினால் போதும். 81 பூக்கல்லும் அதற்குமேல் உடைசலும் வாங்குவதைவிடச் செலவு குறையும், பூவும் அறுபடாது.

இன்னொரு நுட்பம். 8 அங்குலம் என்று சொல்லி விற்பது உண்மையில் 8 அங்குலமா, 200 மில்லிமீட்டரா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 8 அங்குலம் என்றால் 203 மி.மீ. 10 அடிச் சுவர் 3,048 மி.மீ. 200 மி.மீ. கல் 15 வைத்து, நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டால் 3,028 மி.மீ. ஆகும், வெட்டாமல் அடங்கும். 203 மி.மீ. கல்லானால் இடைவெளிக்கே இடமில்லை; கடைசிக் கல்லில் ஏறக்குறைய ஓர் அங்குலம் வெட்ட வேண்டும். வெட்டு வருமானால் அதைப் பூவில் வைக்காமல் உள்மூலை வெறுங்கல்லில் வையுங்கள். பழைய வீட்டுச் சுவர் நேராக இருக்காது. ஆகவே கீழே, நடுவே, மேலே என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைக் கணக்கில் எடுங்கள்.

வாங்கும்போதும் பதிக்கும்போதும்

ஒன்று: ஒரே லாட்டில் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குங்கள். வற்றலிலும் வெல்லத்திலும் லாட் மாறினால் நிறம் மாறுவது நமக்குத் தெரிந்ததே. செராமிக் பெட்டியில் லாட் எண்ணும் நிறக் குறியீடும் அச்சிட்டிருக்கும். எல்லாப் பெட்டியிலும் அவை ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள். கையால் செய்யும் சிமெண்ட் கல்லில் சிறு வேறுபாடு இயற்கை. பெட்டிகளைக் கலந்து பதித்தால் அது கண்ணில் படாது.

இரண்டு: மாதிரி பார்க்காமல் நாம் சரக்கு பிடிப்பதில்லை. ஒரு கல்லை முன்னதாக வாங்கி வந்து, ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு, ஒரு மூலையில் மஞ்சள் குழைத்த எண்ணெய், ஒரு மூலையில் புளிக்கரைசல் வைத்து ஓரிரவு விடுங்கள். காலையில் கழுவிப் பார்த்தால் கல் தன் குணத்தைத் தானே சொல்லிவிடும்.

மூன்று: பதிப்பதற்கு முன் கற்களைத் தரையில் பரப்பிக் கோலத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு கல் திரும்பினாலும் பூ கெடும். ஒட்டியபின் கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான்கு: சிமெண்ட் பாலில் பதிக்கும் செராமிக் சுவர்க் கல்லை முன்னதாகத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பசையில் பதித்தால் ஊறப்போட வேண்டாம். கல்லின் பின்புறம் முழுவதும் பசை பரவ வேண்டும். பதித்த மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் உள்ளே காலி என்று பொருள்.

ஐந்து: நல்ல நாளை முன்னிட்டு வேலையை நெருக்காதீர்கள். பூச்சு உலர நாள் வேண்டும், சீலர் ஊற நாள் வேண்டும். விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்பே வேலை முடியும்படி தொடங்குங்கள். முடியாவிட்டால் விசேஷம் கழிந்தபின் தொடங்குங்கள்.

ஹார்டுவேர் கடை உறுப்பினர்களுக்கு

டைல்ஸ் விற்கும் உறுப்பினர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. "எங்கே போடப் போகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியை விற்றவர் கேட்டிருந்தால் அந்த மேடை பிழைத்திருக்கும். சுவருக்கு, தரைக்கு என்று பில்லில் ஒரு சொல் எழுதுங்கள். சிமெண்ட் கல் விற்றால் சீலரையும் எடுத்துக் காட்டுங்கள். ஆசிட் ஊற்றக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். பிரிக்காத பெட்டியைக் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று சொன்னால், வாடிக்கையாளர் குறைத்து வாங்கிப் பிறகு லாட் மாறித் தவிக்க மாட்டார். நமக்கும் நல்ல பெயர்.

கடைசியாக

நம் நண்பர் வீட்டுக்கு மறுபடி போயிருந்தோம். மேடைக் கற்களைப் பெயர்த்துவிட்டுக் கருங்கல் பலகை போட்டிருந்தார்கள். அடுப்பை ஒட்டிய சுவரில் கண்ணாடிப் பூச்சுள்ள வெள்ளைக் கல். எட்ட உள்ள சுவரில் நல்லபடியாக இருந்த நீலப் பூக்களைச் சீலர் பூசிக் காப்பாற்றியிருந்தார்கள். நிறம் மாறி வந்து மிஞ்சிய இரண்டாம் லாட் கற்கள் பூஜை அறை வாசலில் தனியாகப் பதிந்து, அங்கே ஒரே நிறமாக அழகாய் இருந்தன. இடம் மாறியதும் அதே சரக்கு நல்ல சரக்காகிவிட்டது.

இந்த முறை எந்தக் கல் எங்கே என்று சொன்னவர் வீட்டுக்கார அம்மா. எந்த இடத்தில் எண்ணெய் தெறிக்கும், எங்கே புளி கரைப்பார்கள், எந்த மூலையில் வெளிச்சம் விழும் என்று அந்த அடுக்களையில் முப்பது ஆண்டுகள் நின்றவருக்குத் தெரியாதா? அளவு நாடாவை எடுப்பதற்கு முன் உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான்.

பயிற்சி: இன்று இரவே உங்கள் வீட்டு மேடையின் நீளத்தையும், மேடைக்கும் அலமாரிக்கும் இடையிலான உயரத்தையும் அளந்து எழுதுங்கள். 16 அங்குலப் பூ எத்தனை முழுதாக நிற்கும், எங்கே வெறுங்கல் வேண்டும் என்று கணக்கிடுங்கள். அந்தத் தாளைச் சமைப்பவர் கையில் கொடுத்து, ஒப்புதல் பெற்ற பிறகு டைல்ஸ் கடைக்குப் போங்கள்.